அம்மா மூன்று நாள் சொல்லவில்லை

வாசகர் கேள்விகளுக்குத் துறைசார்ந்த ஒருவர் பதிலளிக்கும் இப்பகுதியில் இம்முறை நம்முடன் இருப்பவர், தண்ணீர், மின்சாரம் போன்ற ஆலைகளின் கட்டுப்பாட்டுக் கணினிகளைப் பாதுகாக்கும் பணியிலுள்ள 31 வயதுப் பெண் பொறியாளர். ஈசூனில் பிறந்து வளர்ந்தவர். சிங்கப்பூர் ஆயுதப் படையின் தொண்டூழியர் படையிலும் இருக்கிறார். விடுப்புக் கிடைத்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும் பழக்கம் உடையவர். பணியின் தன்மை கருதித் தம்முடைய பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: மருத்துவம், சட்டம் என்று போகாமல் இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்? வீட்டில் என்ன சொன்னார்கள்? (பல்கலைக்கழக மாணவி, தோ பாயோ)

பதில்: வீட்டில் எதிர்ப்பும் இல்லை, ஆதரவும் இல்லை, நான் என்ன படிக்கிறேன் என்பதே அவர்களுக்குச் சில ஆண்டுகள் விளங்கவில்லை. அப்பா துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் பாரந்தூக்கி இயக்கியவர். அம்மா ஒரு தொடக்கப்பள்ளி உணவகத்தில் கடை வைத்திருந்தவர். இடைவேளை மணி அடிப்பதற்குள் நாற்பது தோசை வார்த்து அடுக்கிவிடுவார்.

எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பா ஒரு பழைய உறையின் பின்புறத்தில் பாரந்தூக்கியை வரைந்து, கொக்கி ஓர் உயரத்துக்கு மேல் ஏறாமல் நிறுத்துகிற சின்ன விசையைக் காட்டினார். அதற்கு லிமிட் சுவிட்ச் என்று பெயர். அது வேலை செய்யாவிட்டால் கம்பிவடம் அறுந்து எல்லாம் தலையில் விழும், அதை நம்பித்தான் தினமும் வீட்டுக்குத் திரும்பி வருகிறேன் என்றார். அவ்வளவு பெரிய இயந்திரத்தின் உயிர் இவ்வளவு சிறிய பொருளில் இருக்கிறதே என்ற வியப்பு அன்று என்னைத் தொற்றிக்கொண்டது. பின்னாளில் தொழிற்கல்லூரியில் மின்னியல் படித்தபோது, அப்படிப்பட்ட விசைகளுக்கு இப்போது கணினிதான் ஆணையிடுகிறது, அந்தக் கணினிக்குள் வேறு யாராவது நுழைந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒரு விரிவுரையாளர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இன்றுவரை சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: இணையத் தாக்குதல் என்றால் படங்களில் இருண்ட அறை, ஓடும் பச்சை எழுத்துகள் என்று காட்டுகிறார்கள். உண்மையில் உங்கள் வேலை நாள் எப்படி இருக்கும்? (தனியார் நிறுவன ஊழியர், பொங்கோல்)

பதில்: என் வேலை நாளில் பெரும்பகுதி பட்டியல் எழுதுவதில் போகும். எந்த அறையில் எந்தக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது, அதில் ஓடும் மென்பொருள் எந்த ஆண்டைச் சேர்ந்தது, அதன் கடவுச்சொல்லை யார் யார் அறிவார்கள், அவர்களில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டும். ஒருமுறை ஓர் ஆலையில், அலமாரிக்குப் பின்னால், தூசி படிந்த மோடம் ஒன்று பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்ததைக் கண்டோம். பல ஆண்டுகளுக்கு முன் பழுதுபார்க்க வந்த ஒப்பந்ததாரர் தம் வசதிக்காக மாட்டிவிட்டுப் போனது. பட்டியலில் அது இல்லை. ஆகவே அதை யாரும் பூட்டவும் இல்லை.

பச்சை எழுத்துகளைவிட அச்சமூட்டும் காட்சி ஒன்று உண்மையிலேயே நடந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி உக்ரேனில் மின்விநியோக நிறுவனம் ஒன்றின் ஊழியர், தம் மேசைக் கணினியில் சுட்டி தானாக நகர்ந்து மின்விசைகளை ஒவ்வொன்றாக அணைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் தடுக்க முடியவில்லை. அன்று மூன்று நிறுவனங்கள் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 225,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. பல மாதங்களுக்கு முன்னரே அலுவலக ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சலோடு இணைந்திருந்த வேர்டு கோப்பின் வழியாகத் தாக்கியவர்கள் உள்ளே புகுந்திருந்தார்கள். ஆனால் சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பிவிட்டது. ஊழியர்கள் வண்டியேறித் துணைநிலையங்களுக்குப் போய், விசைகளைக் கையாலேயே போட்டார்கள். எல்லாவற்றையும் தானியங்கியாக்கிவிட்டோம், இனி அந்தப் பழைய கைப்பிடிகள் எதற்கு என்று கேட்கும் மேலாளர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இது தொலைதூரத்துச் செய்தி என்று எண்ண வேண்டாம். 2025 ஜூலை 18 அன்று அமைச்சர் கா. சண்முகம், நிபுணர்கள் யுஎன்சி3886 என்று பெயரிட்டிருக்கும் குழு நம்முடைய முக்கிய உள்கட்டமைப்பைத் தாக்கிவருவதாக வெளிப்படையாகவே அறிவித்தார். அதற்கு மேல் நான் பேச இடமில்லை.

கேள்வி: மகளே, என் வயது 68. வங்கியிலிருந்து அழைப்பதாகச் சொன்ன ஒருவனிடம் சேமிப்பை இழந்தேன். பிள்ளைகளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தேசியப் பாதுகாப்பு என்று பெரிய விஷயங்களைப் பேசுகிறவர்களுக்கு எங்களைப் போன்றவர்கள் கண்ணில் படுவார்களா? (இல்லத்தரசி, ஊட்ரம்)

பதில்: அம்மா, முதலில் இதைப் படித்து முடித்தவுடன் பிள்ளைகளில் ஒருவரை அழைத்துச் சொல்லிவிடுங்கள். காவல்துறையில் புகார் கொடுத்திருக்காவிட்டால் இன்றே கொடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

என் அம்மாவும் இப்படித்தான் ஏமாந்தார். வங்கி அதிகாரி என்று ஒருவன் பேசினான். உங்கள் பெயரில் கள்ளப்பணம் ஓடுகிறது, காவல் அதிகாரியிடம் இணைக்கிறேன் என்றான். அடுத்து காணொளியில் சீருடை அணிந்த ஒருவன் தோன்றினான், பின்னால் சுவரில் ஒரு சின்னமும் இருந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் விசாரணை கெட்டுவிடும் என்று மிரட்டினான். 4,800 வெள்ளி போனது. அம்மா மூன்று நாள் எங்களிடம் சொல்லவில்லை. இணையப் பாதுகாப்பில் வேலை பார்க்கும் மகள் அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள், அவளிடமே சொல்லவில்லை. மகள் என்ன நினைப்பாளோ என்பதுதான் காரணம். நான்காம் நாள், சாம்பாருக்கு உப்புப் போட மறந்த அன்று, தற்செயலாகத்தான் வெளியே வந்தது. திருடிய பணம் முதல் சில மணி நேரத்தில் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அதற்குள் வங்கிக்குத் தெரிந்தால் மறிக்க வாய்ப்புண்டு. மூன்று நாள் கழித்து மறிக்க ஒன்றும் இருக்கவில்லை.

எனக்கு அம்மாமீது கோபம் வரவில்லை, என்மீதுதான் வந்தது. அதற்கு முந்தைய வாரம், மோசடியில் சிக்கிய ஒருவரைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு, “இதையெல்லாம் நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா” என்று உணவு மேசையில் சிரித்தவள் நான்தான்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 2024ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளால் இழந்த தொகை 1.1 பில்லியன் வெள்ளிக்கும் மேல். ஒரு நாட்டு மக்கள் தங்கள் காவல்துறையிலிருந்து வரும் அழைப்பையே நம்ப முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டால், உண்மையான நெருக்கடி வரும் நாளில் அரசாங்கம் சொல்வதை யார் கேட்பார்கள்? ஆகவே நீங்கள் கண்ணில் படவேண்டியவர்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை நான் பொதுவில் சொல்வது இதுவே முதல்முறை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, அவசரத்தில், சோதிக்காத ஒரு யுஎஸ்பி விரலியை வாடிக்கையாளர் ஆலையின் கணினியில் செருகிவிட்டேன். எச்சரிக்கை ஒலித்தது. கை நடுங்கியது. பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணம் வந்து போனதை மறைக்க விரும்பவில்லை. பத்து நிமிடம் கழிப்பறையில் நின்றுவிட்டு, எங்கள் மூத்த பொறியாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் மலாய்க்காரர், ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. திட்டவில்லை. “பத்து நிமிடத்தில் சொன்னாய், எனக்குப் பத்து நிமிடத்து வேலைதான்” என்று சொல்லிவிட்டு, அந்தக் கணினியைக் கட்டமைப்பிலிருந்து கழற்றப் போய்விட்டார்.

2018இல் சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தின் கணினிக் கட்டமைப்பிலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன அல்லவா? மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அதை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் அறிக்கையை வேலை நிமித்தம் முழுதும் படித்தவள் நான். ஊடுருவலுக்கான அறிகுறிகளை ஊழியர்கள் சிலர் முன்னதாகவே கவனித்திருந்தும், உரிய மேலிடத்துக்கு உரிய நேரத்தில் அது போய்ச் சேரவில்லை என்பது அதன் முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று. தொழில்நுட்பப் பக்கங்களைவிட அந்தப் பக்கங்களில்தான் என் பென்சில் கோடுகள் அதிகம்.

நடைமுறைக்கு இரண்டு. அழைப்பு மோசடியா இல்லையா என்று ஐயம் வந்தால் 1799 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம். சேமிப்பின் ஒரு பகுதியை இணையவழி எடுக்க முடியாதபடி பூட்டிவைக்கும் வசதியை வங்கிகள் தருகின்றன. கிளைக்கு நேரில் போய்ச் செய்துகொள்ளலாம். அரசாங்க அதிகாரி எவரும் தொலைபேசியில் பணத்தை மாற்றச் சொல்லமாட்டார்.

கேள்வி: திருமணம் எப்போது? (பல வாசகியர், ஒரு வாசகர்)

பதில்: ஒருவர் இருக்கிறார். வீட்டுக்கு விண்ணப்பித்து இரண்டு முறை வரிசை எண் கிடைக்காமல் போனது. நம் ஊரில் முகூர்த்தத்தைக் குறித்துத் தருவது ஜோசியரா, வீடமைப்பு வளர்ச்சிக் கழகமா என்று என் பாட்டி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: நான் இரண்டரை ஆண்டு தேசிய சேவையும், பிறகு பல ஆண்டுகள் போர்க்காலப் படைப் பயிற்சியும் முடித்தவன். அவற்றைச் செய்யாத ஒரு பெண் நாட்டின் பாதுகாப்பைப் பற்றிக் கருத்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். (டாக்சி ஓட்டுநர், அங் மோ கியோ)

பதில்: தவறாக எடுத்துக்கொள்ளவில்லை, ஐயா. இந்தக் கேள்வியை என் தம்பியே என்னிடம் கேட்டிருக்கிறான். தெக்கோங் தீவில் அவன் அடிப்படைப் பயிற்சியில் இருந்தபோது, வெள்ளிக்கிழமை இரவுகளில் பாசிர் ரிஸ் பேருந்து நிலையத்தில் அம்மாவோடு காத்திருப்பேன். மொட்டைத்தலைகளாக வரிசையாக வந்து இறங்குவார்கள். ஈரக் காலணியின் வாடை முன்னால் வரும், பிள்ளை பின்னால் வருவான். வீட்டுக்கு வந்ததும் சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கிவிடுவான். என் பதினெட்டு வயதில் நான் கல்லூரிக்குப் போனேன், அவன் சேற்றில் ஊர்ந்தான். இந்த வேறுபாடு எனக்கு உறுத்தியது. அதனால்தான் தொண்டூழியர் படைக்கு விண்ணப்பித்தேன்.

2014இல் தொடங்கப்பட்ட அந்தப் படையில் பெண்களும் நிரந்தரவாசிகளும் சேரலாம். இரண்டு வார அடிப்படைப் பயிற்சி. அதன்பின் ஆண்டுக்குச் சில நாள் பணி. கணினித் துறைக்குத்தான் அனுப்புவார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள், நான் காவல் பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எஸ்ஏஆர் 21 துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டுவதில் எனக்கு ஒரு சிறிய ஸ்பிரிங் எப்போதும் மீந்துபோகும். பயிற்றுநர் பெருமூச்சு விடுவார். இரண்டு வாரத்தை உங்கள் இரண்டரை ஆண்டோடு ஒப்பிடும் துணிச்சல் எனக்கில்லை. ஆனாலும் நள்ளிரவுக் காவலில் நின்று, புதரில் அசைந்தது உடும்பா ஆளா என்று தெரியாமல் விழித்த பிறகு, காவல் நிற்பவரின் அலுப்பைப் பற்றி நான் எழுதும் பாதுகாப்பு விதிகளில் கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது.

பெண்களுக்கும் தேசிய சேவையைக் கட்டாயமாக்கலாமா என்று வேறு இருவர் கேட்டிருக்கிறார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். முதியோரையும் நோயாளிகளையும் கவனிக்கும் சுமை எங்கள் வீடுகளில் யார் தோளில் இருக்கிறது என்று பார்த்தாலே காரணம் புரியும். பெண்ணால் முடியாது என்பவர்கள் வேறு காரணம் தேடிக்கொள்ளட்டும்.

கேள்வி: நீங்கள் போன இடங்களில் மனத்தைவிட்டு நீங்காதது எது? (தாதி, செங்காங்)

பதில்: தாய்லாந்தின் காஞ்சனபுரி. பாங்காக்கின் தொன்புரி நிலையத்தில் காலையில் ஒரு ரயில் கிளம்பும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் 100 பாட். மரப்பலகை இருக்கை, திறந்த சன்னல், விசிறி. சுற்றுலாப் பயணிகள் குவாய் ஆற்றுப் பாலம் வந்ததும் எழுந்து படமெடுப்பார்கள். நான் போனது என் கொள்ளுத்தாத்தாவைத் தேடி.

அவர் குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1943இல் ஜப்பானியர் ரயில்பாதை போட ஆள் பிடித்தபோது லாரியில் ஏற்றப்பட்டவர் திரும்பவே இல்லை. மூன்று பிள்ளைகளை மரவள்ளிக்கிழங்கு கொடுத்து வளர்த்த கொள்ளுப்பாட்டி, கடைசிவரை அந்தச் செய்தியை உறுதி செய்யாமலே குங்குமத்தோடு இருந்து இறந்தார். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போடப்பட்ட அந்த ரயில்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. ஏறத்தாழ 12,000 போர்க்கைதிகள் இறந்தார்கள். தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்கள் அதைப் போலப் பல மடங்கு.

காஞ்சனபுரிப் போர்க்கல்லறைத் தோட்டம் மிக அழகாகப் பராமரிக்கப்படுகிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, வயது. புல்லை அளவு வைத்து வெட்டியிருந்தார்கள். வரிசை வரிசையாக நடந்தேன். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் பெயர்கள். அது போர்க்கைதிகளுக்கான இடம், தோட்டத் தொழிலாளிக்கு அங்கே கல் இருக்காது என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டே ஒவ்வொரு கல்லையும் படித்தேன். கடைசி வரிசையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரர் யாரைத் தேடுகிறாய் என்று சைகையில் கேட்டார். பதில் சொல்ல வரவில்லை.

1942 ஜனவரி 31ஆம் தேதி பிரிட்டிஷ் படை ஜொகூர் கடற்பாலத்தைத் தகர்த்தபோது, அதனூடே வந்த தண்ணீர்க் குழாயும் சேர்ந்து உடைந்தது. இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 15இல், சிங்கப்பூர் சரணடைந்தது. அந்த முடிவை எடுத்தவர்கள் எவருக்கும் என் கொள்ளுத்தாத்தாவைத் தெரிந்திருக்காது. ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் முழுமைத் தற்காப்பு நாளை ஒட்டி மாலை 6.20க்குச் சங்கு ஒலிக்கும்போது, என் அலுவலகத்தில் பலர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி திரையைப் பார்ப்பார்கள். நான் அந்தப் பச்சைப் புல்லை நினைத்துக்கொள்வேன்.

கேள்வி: எஸ்டோனியாவுக்கு ஏன் போனீர்கள்? அங்கே பார்க்க என்ன இருக்கிறது? (மேல்நிலைப்பள்ளி மாணவர், பீஷான்)

பதில்: பார்க்க ஒரு சிலை, தம்பி. 2007 ஏப்ரலில் தலைநகர் தாலினின் மையத்திலிருந்த சோவியத் காலத்து வெண்கலப் போர்வீரன் சிலையை அரசாங்கம் ராணுவக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றியது. கலவரம் வெடித்தது; கூடவே வங்கிகள், நாளிதழ்கள், அமைச்சுகள் ஆகியவற்றின் இணையத்தளங்கள்மீது சில வாரங்கள் நீடித்த தாக்குதல் தொடங்கியது. சிலையின் காலடியில் நான் போன அன்றும் புதிய சிவப்புப் பூக்கள் இருந்தன. உலகத்தின் கவனத்தை இணையப் போர்ப்பக்கம் திருப்பிய நிகழ்ச்சி, ஒரு நாட்டுக்குள் ரஷ்யர்களுக்கு வெற்றி, எஸ்டோனியர்களுக்கு ஆக்கிரமிப்பு என்று இருவகை நினைவுகள் இருந்ததிலிருந்து பிறந்தது என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. பாடப்புத்தகத்தில் அது ‘சேவை மறுப்புத் தாக்குதல்’ (போலிக் கோரிக்கைகளைக் குவித்துத் தளத்தை முடக்குவது) என்று ஒரு வரியில் முடிந்துவிடும்.

நம்மைவிட மக்கள்தொகை மிகக் குறைந்த நாடு, 13 லட்சத்துக்குச் சற்று மேல். அரசாங்கத் தரவுகளின் நகலை லக்ஸம்பர்கில், தூதரகத்துக்குரிய சட்டப் பாதுகாப்போடு வைத்திருக்கிறார்கள். நிலத்தையே இழந்தாலும் ஆவணம் பிழைக்கும் என்ற கணக்கு. வங்கியிலும் தனியார் நிறுவனத்திலும் வேலை செய்யும் கணினி வல்லுநர்கள் வார இறுதியில் தொண்டூழியப் படையில் ஒன்றுகூடிப் பயிற்சி செய்கிறார்கள். நம் ஆயுதப் படையும் 2022இல் மின்னிலக்க, உளவுத்துறைச் சேவை என்ற நான்காவது பிரிவைத் தொடங்கிவிட்டது. உணவைப் பற்றிக் கேட்காதே. கறுப்பு ரொட்டிக்கு அம்மா கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாய்தான் துணை.

கேள்வி: எங்கள் வீட்டு வெடிகுண்டுக் காப்பறையைப் பொருள் போடும் அறையாகத்தான் வைத்திருக்கிறோம். தவறா? (குடும்பத் தலைவர், உட்லண்ட்ஸ்)

பதில்: தவறில்லை, சட்டமும் அதைத் தடுக்கவில்லை. கதவைக் கழற்றாதீர்கள், சுவரை உடைக்காதீர்கள், அவசரத்தில் காலி செய்ய முடிகிற அளவுக்குப் பொருள் வையுங்கள். என் பெற்றோரின் இப்போதைய வீட்டில் அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் அரிசி மூட்டை, கொலு பொம்மைப் பெட்டிகள், தம்பியின் பூட்ஸ், தீபாவளி முறுக்கு டின் ஆகியவை பத்திரமாக இருக்கின்றன. முறுக்கைத் தம்பியிடமிருந்து காக்க அந்தக் கதவும் போதவில்லை.

கேள்வி: விசாரணையின்றிக் காவலில் வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை உங்கள் தலைமுறை ஏற்கிறதா? மழுப்பாமல் சொல்லுங்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: என் தலைமுறைக்காக நான் பேச முடியாது, ஐயா. நான் ஏற்கிறேன், மனக்குறையோடு. ஓர் ஆணை இரண்டு ஆண்டுவரை செல்லும், அதைப் புதுப்பிக்கவும் முடியும் என்பது சிறிய அதிகாரமன்று. உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமையிலான ஆலோசனைக் குழு ஒவ்வொரு காவலையும் ஆராய்கிறது. விடுவிக்கலாம் என்று குழு சொல்லி, அரசாங்கம் மறுத்தால், அதிபரின் இசைவின்றிக் காவலை நீட்டிக்க முடியாது. இந்தத் தடுப்புகள் இருப்பதால்தான் ஏற்கிறேன். 2001 டிசம்பரில் ஜெமா இஸ்லாமியா பயங்கரவாதக் குழுவினர் கைது செய்யப்பட்டபோது எனக்கு ஏழு வயது. எங்கள் அடுக்குமாடியில் மலாய் அண்டை வீட்டார் சில வாரங்கள் தலைகுனிந்து நடந்ததும், அம்மா அவர்களுக்குப் பாயசம் கொடுத்தனுப்பியதும் நினைவிருக்கின்றன.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் இதே சட்டத்தின்கீழ் காவலில் வைக்கப்பட்டவர்களில் ஒருவர் 16 வயது மாணவர். இந்தியர், கிறிஸ்தவர். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரப் பள்ளிவாசல்களில் 2019 மார்ச் 15 அன்று நடந்த தாக்குதலால் உந்தப்பட்டு, அதே மார்ச் 15ஆம் தேதி இங்குள்ள இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டிருந்தார். தீவிர வலசாரிக் கொள்கையால் இங்கே காவலில் வைக்கப்பட்ட முதல் ஆள் அவர். என் உறவினர் வட்டத்தில் இதை ஒரே ஒரு மாலை பேசினார்கள், அதுவும் ‘நம்ம ஆள் இல்லை, வேற இந்தியரா இருக்கும்’ என்ற அளவில். அந்தப் பையன் திரைமுன் தனியாக உட்கார்ந்திருந்த மாதங்களில் என்ன பார்த்தான் என்பது வீட்டிலிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. சட்டம் சரியா என்று வாதிடும் நாம், அடைத்த அறைக் கதவைத் தட்டி ‘என்னப்பா பார்க்கிறாய்’ என்று கேட்கத் தயங்குகிறோம்.

கேள்வி: மலேசியாவைப் பகை நாடாகக் கருதித்தான் நம் பாதுகாப்பு அமைந்திருக்கிறதா? (கணக்காளர், கிளமெண்டி)

பதில்: என் உறவினரில் பாதிப் பேர் ஜொகூரில். பகை என்று நினைத்தால் கல்யாணத்துக்கு யார் வருவார்கள்? ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் எடுக்க வகைசெய்யும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. அதற்குள் புதுநீரும் (பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துப் பெறுவது) கடல்நீர்ச் சுத்திகரிப்பும் கைகொடுக்க வேண்டும் என்று உழைப்பது, அண்டை வீட்டாரோடு முகம் சுளிக்காமல் பேசுவதற்கான ஏற்பாடு.

கேள்வி: நான் துவாஸ் விடுதியில் தங்கிக் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். நீங்கள் சொல்லும் பாதுகாப்பில் எங்களைப் போன்றவர்களும் அடக்கமா? (வாசகர், துவாஸ்)

பதில்: அண்ணா, 2025 ஜூலை 26 அன்று தஞ்சோங் காத்தோங் சாலை தெற்கில் திடீரென்று சாலை உள்வாங்கிக் கார் ஒன்று பள்ளத்தில் விழுந்தபோது, அருகில் வேலை செய்துகொண்டிருந்த ஏழு வெளிநாட்டு ஊழியர்கள்தான் கயிறு வீசி, காரை ஓட்டிவந்த பெண்ணை மேலே இழுத்தார்கள். அவர்களுடைய மேற்பார்வையாளர் நம் தமிழ்நாட்டுக்காரர். குடிமைத் தற்காப்புப் படை வருவதற்கு முன்பே வேலை முடிந்திருந்தது. யார் அடக்கம் என்ற கேள்வியை அவர்கள் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

ஆனால் உங்கள் கேள்வி வேறு என்று புரிகிறது. ஆபத்தில் உங்களை நம்புகிறோம். உங்களுக்கு ஆபத்து என்றால் யாரிடம் சொல்வது, சொன்னால் வேலை போகுமா என்ற அச்சம் உங்களுக்கு இருக்கிறது. ஆலைகளில் நான் பார்த்த மிகப் பயனுள்ள எச்சரிக்கைகளில் சில, துப்புரவு செய்பவரும் சாரம் கட்டுபவரும் கவனித்தவை. அவற்றைச் சொல்ல அவர்கள் முதலில் தயங்கினார்கள், ஏனென்றால் யாரும் அவர்களைக் கேட்டதில்லை. இப்போது நான் புதிய இடத்துக்குப் போனால், ஆய்வின் முதல் அரைமணி நேரத்தை அவர்களோடு தேநீர் குடிப்பதில் செலவிடுகிறேன். அலமாரிக்குப் பின்னாலிருந்த மோடத்தைக் காட்டியவர் தரை துடைக்கும் அண்ணன் ஒருவர்தான். விளக்கு எரிகிறதே என்று பல மாதமாக அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

கேள்வி: உங்கள் கைப்பையில் எப்போதும் இருப்பவை என்ன? (வாசகி, புவாங்கோக்)

பதில்: சிறிய டார்ச், கோடாலித் தைலம், ஐம்பது வெள்ளி ரொக்கம், தாளில் எழுதிய தொலைபேசி எண்கள். கைத்தொலைபேசி செத்துவிட்டால் எனக்கு ஓர் எண்ணும் மனப்பாடமில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அந்தத் தாள். அதன் நகல் ஒன்றை அம்மா காப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். 1799க்குக் கீழே, தம் கையெழுத்தில், என் எண்ணைச் சிவப்பு மையால் மறுபடி எழுதியிருக்கிறார். சென்ற வாரம் மட்டும் ஆறு முறை அழைத்தார். ஐந்து மோசடிக் குறுஞ்செய்திகள். ஆறாவது, பலதுறை மருந்தகத்திலிருந்து வந்த உண்மையான முன்பதிவு நினைவூட்டல்.